எலிகள் இருந்தது என் வீட்டில்தான்

அனுப்புநர்:
அ. மு. ஜெமீல்,
ஓய்வுபெற்ற உப தபால் அதிபர்,
இல. 47/2, புளியடி ஒழுங்கை,
மருதமுனை.

பெறுநர்:
சுகாதார வைத்திய அதிகாரி அவர்கள்,
சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை,
கல்முனைப் பிராந்தியம்.

விடயம்: ஜனாபா ஆ. ஸம்றா அவர்களின் இடியப்பத் தயாரிப்பு இடம் தொடர்பாக 2025.02.10ஆம் திகதி நான் சமர்ப்பித்த முறைப்பாட்டை மீளப் பெறுதலும், எலிப்பெருக்கம் உண்மையில் எங்கிருந்து ஏற்பட்டது என்பதை அறியத்தருதலும்.

மதிப்பிற்குரிய வைத்திய அதிகாரி அம்மணி அவர்களுக்கு,

1. நான் தபால் திணைக்களத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் கடமையாற்றி ஓய்வு பெற்றவன். சேவைக் காலத்தில் எழுத வாசிக்கத் தெரியாத பலருக்கு மனுக்களும் முறைப்பாடுகளும் எழுதிக் கொடுத்துள்ளேன். எனக்காக நான் எழுதிய முதலாவது முறைப்பாடு, மேலே விடயத்தில் குறிப்பிட்டதாகும். அது பிழையானது. அதில் ஓரிடத்தில் நான் உண்மைக்கு மாறாகவும் எழுதியுள்ளேன். அதனைத் தங்களுக்கு அறியத்தந்து, அதனால் ஒருவருக்கு ஏற்பட்டுள்ள பாதிப்பை நீக்குமாறு வேண்டுவதற்கே இம்மனுவைச் சமர்ப்பிக்கின்றேன்.

2. ஜனாபா ஸம்றா எனது வீட்டிற்குக் கிழக்குப் பக்கத்து வீட்டில் வசிப்பவர். அவரது கணவர் றவூப் ஆழ்கடல் வள்ளத்தில் தொழிலுக்குப் போய் வந்தவர். மூன்று வருடங்களுக்கு முன்னர் முள்ளந்தண்டில் அடிபட்டதன் பின்னர் கடலுக்குச் செல்வதில்லை. எனவே ஸம்றா தமது சமையலறையில் இடியப்பம் அவித்து, அயலிலுள்ள தேநீர்க் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கொடுத்துக் குடும்பத்தைப் பார்த்து வருகின்றார். அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்து நான் பள்ளிவாசலிலிருந்து திரும்பும்போது அவரது அடுப்புப் புகை மதிலுக்கு மேலால் வந்துகொண்டிருக்கும். அவரது சமையலறைக்கும் எனது வீட்டின் பின்னறைக்கும் இடையில் இருப்பது ஒரு மதில் மாத்திரமே.

3. கடந்த நவம்பர் மாத வெள்ளத்தின்போது எமது ஒழுங்கையிலும் கடற்கரைப் பக்கமும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அயலவர்கள் ஐவர் சேர்ந்து நிவாரணக் குழு ஒன்றை அமைத்தோம். வெளியூர்களிலிருந்து கிடைத்த பருப்பு, கோதுமை மா, பால்மா, பிஸ்கட், பேரீச்சம்பழம் ஆகியவற்றைக் களஞ்சியப்படுத்தும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. பொருட்கள் எனது பின்னறையில் வைக்கப்பட்டன. சாவி என்னிடம் இருந்தது. முதலாம் கட்டப் பங்கீடு ஒழுங்காக நடந்தது. இரண்டாம் கட்டத்தில் முப்பத்தேழு குடும்பங்களின் பெயர்ப்பட்டியல் தயாரிக்கப்பட்டபோது குழுவிற்குள் கருத்து வேறுபாடு ஏற்பட்டது. சிலர் ஏற்கனவே பெற்றவர்கள் என்று ஒருவர் சொன்னார். வேறு சிலருடைய பெயர்கள் விடுபட்டுள்ளன என்று இன்னொருவர் சொன்னார். இருவர் பட்டியலில் கையொப்பமிடவில்லை.

4. குழுத் தலைவர் ஜனாப் கச்சிமுகம்மது டிசம்பர் மாதக் கடைசியில் எனது வீட்டிற்கு வந்தார். "ஜெமீல், இது திங்கிற சாமான், காயிதமில்ல. முதல்ல குடுப்பம், கையொப்பத்தப் பிறகு வாங்கிக்குவம்" என்று கூறினார். ஐந்து கையொப்பமும் இல்லாமல் ஒரு பக்கற்றைக்கூட வெளியே விட முடியாது என்று நான் மறுத்துவிட்டேன். தபால் கந்தோரில் பழகிய பழக்கம் அது. நான் சரியாகவே நடப்பதாக அன்று நினைத்தேன். அவர் தேநீர் குடிக்காமலேயே எழுந்து போனார். அதன் பின்னர் குழு கூடவில்லை. அந்த அறையை நானும் திறக்கவில்லை.

5. ஜனவரி மாத நடுப்பகுதியில் எமது வீட்டில் சுண்டெலிகள் காணப்பட்டன. முதலில் சமையலறைத் தட்டில் நாலைந்து எச்சங்கள் கிடந்தன. எனது மனைவி நதீரா அவற்றைக் கருஞ்சீரகம் சிந்திக் கிடப்பதாக நினைத்துக் கையால் கூட்டி எடுத்தார். இரண்டு வாரங்களுக்குள் அரிசிப் பையின் அடி ஓட்டையானது. தொழுகை விரிப்பின் குஞ்சம் அரிக்கப்பட்டிருந்தது. பெப்ரவரி மாத ஆரம்பத்தில் ஒரு நாள் பகல் குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் தீப்பொறி பறந்து கருகிய மணம் வந்தது. இழுத்துப் பார்த்தபோது மின்வயரின் மேலுறை நான்கு அங்குல நீளத்திற்குக் கடிக்கப்பட்டு உள்ளே செம்புக் கம்பி தெரிந்தது. மனைவி அந்த நேரத்தில் அதன் கதவைத் திறந்துகொண்டு நின்றார். அல்லாஹ்வின் உதவியால் அவருக்கு எதுவும் நேரவில்லை.

6. நான் பொறி வைத்தேன். பசைத் தட்டு வைத்தேன். பின்னர் நஞ்சுக் கட்டி வாங்கிக் கூரை முகட்டுக்குள் போட்டேன். எலிகள் முகட்டுக்குள்ளேயே செத்து, வீடு ஒரு கிழமை நாறியது. ஈக்கள் சாப்பாட்டில் மொய்த்தன. ஆயினும் எலிகள் குறையவில்லை. ஒன்று செத்தால் இரண்டு வந்தன. அவை எங்கிருந்து வருகின்றன என்பதை நான் தேடியிருக்க வேண்டும். நான் தேடியதோ யார் மேல் பழியைப் போடலாம் என்பதையே.

7. இங்கு ஒரு விடயத்தை மறைக்காமல் குறிப்பிட வேண்டும். பெப்ரவரி மாத முதலாம் வாரத்தில் ஸம்றா மதிலடியில் நின்று எனது மனைவியைக் கூப்பிட்டு, "ராத்தா, உங்கட பின்னறைக்குள்ளதான் சத்தம் கேக்குது. பகல்லயும் கறண்டிக்கிட்டு இரிக்கி. காக்காட்டச் சொல்லி ஒருக்காத் திறந்து பாக்கச் சொல்லுங்க" என்று கூறியுள்ளார்; மனைவியை ராத்தா என்றும் என்னைக் காக்கா என்றும் அழைப்பது அவர் வழக்கம். மனைவி அதனை அப்படியே என்னிடம் வந்து சொன்னார். "மாவும் அரிசியும் அவட குசினிலதான் கிடக்கு, அங்கிருந்துதான் இஞ்ச வருது. அவவா எனக்குப் புத்தி சொல்ற" என்று நான் மனைவியை ஏசினேன். அறையைத் திறக்கவில்லை. திறந்தால் பொருட்கள் கிடப்பது வெளியே தெரியும். ஏன் இன்னும் கொடுக்கவில்லை என்று கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்தேன் என்பதே உண்மை.

8. அதற்கு மூன்று நாட்களின் பின்னர் தங்களது பணிமனைக்கு முறைப்பாடு எழுதினேன். அதில் "மேற்படி பெண்ணின் சமையலறையிலிருந்து எலிகள் கூட்டமாக எனது வீட்டினுள் வருவதை நேரில் கண்டேன்" என்று எழுதியிருந்தேன். நான் கண்டது மதிலின் மேல் நின்ற ஒரேயொரு எலியை. அது எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தப் பக்கம் போனது என்பதை நான் காணவில்லை. அந்த வசனத்தை எழுதும்போது எனது கை சற்று நின்றது. பின்னர் எழுதி முடித்தேன்.

9. தங்களது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஜனாப் றிம்சான் அவர்கள் பெப்ரவரி 20ஆம் திகதி ஸம்றாவின் இடத்தைப் பரிசோதித்தார். மதிலோரத்தில் எலி எச்சங்கள் இருந்தன. மாப் பீப்பாய் ஒன்றின் மூடி வெடித்திருந்தது. குறைகளைத் திருத்தி, முறைப்பாட்டின் மீதான விசாரணை முடியும் வரை தயாரிப்பை நிறுத்தி வைக்குமாறு அறிவுறுத்தல் வழங்கப்பட்டது. உணவு சம்பந்தப்பட்ட விடயத்தில் அவர் செய்தது முறையானதே. அவருக்கு முன்னால் இருந்தது எனது கையெழுத்தில் ஒரு நேரடிச் சாட்சியம். ஸம்றா அடுத்த வாரமே மூடியை மாற்றி, மதிலோரத்துப் பொந்துகளைச் சீமெந்தால் அடைத்தார். ஆயினும் முறைப்பாடு முடிவுறாதபடியால் தொழிலை ஆரம்பிக்க முடியவில்லை. நோன்பு மாதத்தில்தான் அவருக்கு வேலை அதிகம். இம்முறை அந்த மாதம் முழுவதும் அவரது அடுப்பு எரியவில்லை. றவூப் முதுகுப் பட்டியைக் கட்டிக்கொண்டு சந்தையில் மீன் பெட்டி இறக்கும் வேலைக்குப் போனார். நான்கு நாட்களுக்கு மேல் அவரால் முடியவில்லை.

10. எனது வீட்டில் எலிகள் முன்னரை விடக் கூடின. பக்கத்து வீட்டில் மா அரைக்காமல் விட்டுப் பதினைந்து நாட்கள் கடந்த பின்னரும் ஏன் இப்படி என்று மனைவி கேட்டார்.

11. மார்ச் 8ஆம் திகதி மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. நோன்புக் களைப்பு என்று நினைத்தோம். மறுநாள் கெண்டைக்கால் தசையைத் தொட விடாமல் நோவினால் முனகினார். கண் இரண்டும் சிவந்தன. 11ஆம் திகதி வைத்தியசாலையில் அனுமதித்தோம். "வயலுக்கு இறங்குறவங்களா?" என்று வைத்தியர் கேட்டார். நதீரா தமது வாழ்நாளில் வயலில் கால் வைத்ததில்லை என்று சொன்னேன். பின்னர் வைத்தியர் அவரது கைகளைப் பார்த்தார். வலது பெருவிரலில் மீன் வெட்டும்போது கத்தி பட்ட காயம் இருந்தது. அந்தக் கையால்தான் அவர் ஒவ்வொரு நாளும் எலி எச்சமும் மூத்திரமும் பட்ட தட்டுக்களையும் பாத்திரங்களையும் கழுவி வந்தார். இரத்தப் பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. அப்போது சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, சிறுநீர் வெகுவாகக் குறைந்திருந்தது.

12. எமது மகள் றஸ்னா கைக்குழந்தையுடன் ஒலுவிலிலிருந்து வந்து தாயின் அருகில் இருந்தார். ஐந்தாம் நாள் மனைவி என்னைக் கிட்ட வரச் சொல்லி, "றஸ்னாட வாப்பா, எனக்கு ஒண்டு நடந்தா அந்தப் பிள்ளை ஸம்றாட அடுப்ப மூட்ட விட்டுருங்க" என்று கூறினார். முப்பத்திரண்டு வருடத் திருமண வாழ்வில் அவர் எனக்கு இட்ட கட்டளை என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். சரி என்று தலையாட்டினேன்.

13. எலிக்காய்ச்சல் அறிவிக்கப்பட வேண்டிய நோய் என்பதால், ஜனாப் றிம்சான் மார்ச் 17ஆம் திகதி காலை எனது வீட்டைப் பரிசோதிக்க வந்தார். சமையலறை, கிணற்றடி, முகடு யாவற்றையும் ஆறுதலாகப் பார்த்தார். முகட்டுக்குள் டோர்ச் அடித்து, எலி ஓடிய தடம் மதில் பக்கமாகப் போகாமல் பின்னறைப் பக்கமாகவே இறங்குவதைக் காட்டினார். "சேர், இந்த அறைத் திறப்ப ஒருக்காத் தாங்க" என்று கேட்டார். சாவி எங்கே என்று தெரியவில்லை என்று சொன்னேன். அது எனது சட்டைப் பையில் இருந்தது. அவர் வற்புறுத்தவில்லை. கதிரையில் இருந்து, படிவத்தில் மனைவியின் வயதையும் எந்த வார்ட்டில் இருக்கின்றார் என்பதையும் எழுதத் தொடங்கினார். மனைவியின் பெயரை எழுதுவதைக் கண்டதும் நான் சாவியை எடுத்து மேசையில் வைத்தேன்.

14. அறையில் நான் கண்டதைச் சுருக்கமாக எழுதுகின்றேன். மா மூட்டைகள் அடியால் கிழிந்து தரையில் பரவிக் கிடந்தன. அந்த மாவின் மேல் எண்ண முடியாத அளவு காலடிகள் இருந்தன. பருப்புப் பைகள் வெறுமையாகி மடிந்திருந்தன. பால்மாப் பெட்டிகளுக்குள் கடதாசியைக் கிழித்துக் கூடு கட்டியிருந்தன. ஒரு கூட்டில் கண் திறக்காத குஞ்சுகள் ஒன்பது கிடந்தன. மூத்திர நாற்றத்தில் கண் எரிந்தது. ஜனாப் றிம்சான் அதற்கு மேல் என்னை உள்ளே விடவில்லை. தாம் முகக்கவசமும் கையுறையும் அணிந்து, எதையும் கூட்டாமல், முதலில் குளோரின் கரைசலைத் தெளித்தார். காய்ந்த எச்சத்தைத் தும்புத்தடியால் கூட்டினால் அதன் தூசு மூச்சோடு உள்ளே போகும் என்று விளக்கினார். நாங்கள் இரண்டு மாதமாக ஒவ்வொரு காலையும் செய்து வந்தது அதைத்தான்.

15. கதவோரச் சுவரில் இரண்டாம் கட்டப் பட்டியல் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழ்ப்பாதி அரிக்கப்பட்டிருந்தது. மேல்பாதியை நான் அன்றுதான் முழுமையாக வாசித்தேன். பத்தொன்பதாம் இலக்கத்தில் "றவூப் – ஸம்றா, பிள்ளைகள் மூவர், சமையலறைக்குள் தண்ணீர்" என்று எழுதப்பட்டிருந்தது. அதை எழுதியதும் எனது கைதான். எழுதியது எனக்கு நினைவில் இருக்கவில்லை.

16. பொருட்கள் யாவும் மார்ச் 19ஆம் திகதி பரிசோதகரின் மேற்பார்வையில் ஆழக் கிடங்கு வெட்டிப் புதைக்கப்பட்டன. ஜனாப் கச்சிமுகம்மதும் வந்து நின்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. கிடங்கு மூடிய பின்னர், "பட்டியல்ட பிரதி என்னட்ட இரிக்கி. அந்தச் சனத்துக்கு என்ன செய்யலாம் எண்டு பெருநாள் முடிய இருந்து கதைப்பம்" என்று மாத்திரம் கூறினார். மூன்று நாட்களின் பின்னர் எமது வீட்டில் எலிச் சத்தம் வெகுவாகக் குறைந்தது. மனைவி மார்ச் 24ஆம் திகதி வீடு திரும்பினார். சிறுநீரகம் வழமைக்குத் திரும்பி வருவதாக வைத்தியர்கள் கூறியுள்ளனர். இன்னும் சுவரைப் பிடித்தே நடக்கின்றார்.

17. இந்நிலையில் ஸம்றாவின் தடை இன்னும் நீங்கவில்லை. எனது கடிதம் முறைப்பாட்டுக் கோவையில் இருக்கும் வரை விசாரணையை முடிவுறுத்த முடியாது என்றும், எழுத்து மூலம் மீளப் பெற்றால் மறு பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யலாம் என்றும் தங்களது பணிமனையில் அறிந்துகொண்டேன். எனவே பின்வருவனவற்றைத் தயவுடன் வேண்டுகின்றேன்:

(அ) 2025.02.10ஆம் திகதிய எனது முறைப்பாட்டை இத்தால் முழுமையாக மீளப் பெறுகின்றேன். "நேரில் கண்டேன்" என்ற வசனம் உண்மையல்ல என்பதையும், எலிகள் பெருகிய இடம் எனது பின்னறையே என்பதையும் அதே கோவையில் பதிவு செய்யவும். அதற்காக என்மீது நடவடிக்கை எடுக்க வேண்டியிருப்பின் அதற்கு உடன்படுகின்றேன்.

(ஆ) ஜனாபா ஸம்றாவிடம் இடியப்பம் வாங்கிய கடைக்காரர்கள் சிலர், எலி ஓடிய இடம் என்று இப்போதும் தயங்குகின்றனர். அந்தப் பேச்சு எனது வாயால் பரவியதுதான். மறு பரிசோதனையில் திருப்தி காணப்பட்டால், அவர்களுக்குக் காட்டத்தக்க வகையில் அவருக்குக் கடிதம் ஒன்று வழங்கவும்.

(இ) வெள்ள நிவாரணப் பொருட்கள் இன்னும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எமது பகுதியில் மூன்று உள்ளதாக அறிகின்றேன். விபரத்தை ஜனாப் றிம்சானிடம் நேரில் கொடுத்துள்ளேன். அவ்விடங்களையும் தாமதமின்றிப் பரிசோதிக்கவும். அவற்றில் ஒரு வீட்டில் தவழும் குழந்தை இருக்கின்றது.

18. இம்மனுவை இதுவரை எழுதி முடித்து, தபாலில் சேர்க்குமுன் நேற்றுப் பின்னேரம் ஸம்றாவின் வீட்டிற்குக் கொண்டுபோனேன். பெருநாள் கழிந்து இரண்டாம் நாள். அயல் முழுதும் வட்டிலப்பம் பகிரும் வேளையில் எங்கள் இரு வீட்டிற்குமிடையில் இம்முறை ஒரு தட்டும் போய் வரவில்லை. வாசலில் நின்று, படித்துப் பார்த்து, பிழை இருந்தால் சொல்லுமாறு கேட்டுக்கொண்டேன். அவர் நின்றபடியே முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். வாசிக்க நெடுநேரம் எடுத்தது. றவூப் உள்ளிருந்து எனக்குக் கதிரை ஒன்றைத் தள்ளிவிட்டார். ராத்தாவுக்கு இப்போது சாப்பாடு பிடிக்கின்றதா என்று ஸம்றா கேட்டார். கஞ்சி குடிக்கின்றார் என்றேன். எனது பிழையைப் பொறுத்துக்கொள்ளுமாறு கேட்க நினைத்துப் போனவன், அதைச் சரியான சொற்களில் கேட்டேனா என்பது இப்போது எனக்கு ஞாபகமில்லை. பொறுத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டிய கடப்பாடு அவருக்கில்லை.

19. தாளைத் திருப்பித் தரும்போது ஒரு விடயத்தைச் சேர்க்கச் சொன்னார். "காக்கா, திரும்பிப் பாக்க வாறதெண்டா பத்து மணிக்கு வர வேணாம் எண்டு எழுதுங்க. போன முறையும் வேல முடிஞ்சு எல்லாம் கழுவிக் கவுத்த பிறகுதான் வந்தாங்க. ஆறின அடுப்பப் பாத்து என்ன விளங்கும்? சுபஹுக்குப் பிறகு, நான் மாக் குழச்சு அவிச்சிக்கிட்டு இரிக்கக்குள்ள வந்து பாக்கச் சொல்லுங்க. என்ட கையப் பாக்கட்டும்" என்று கூறினார்.

20. எனவே மேலே கூறப்பட்ட வேண்டுகோள்களுடன் இதனையும் சேர்த்துச் சமர்ப்பிக்கின்றேன். மறு பரிசோதனை நடைபெறும் நாளில், அந்த ஒரு நாளைக்கேனும் முன்கூட்டியே அனுமதி வழங்கி, ஜனாபா ஸம்றா தமது அடுப்பை மூட்டி வேலை செய்துகொண்டிருக்கையில், காலை ஐந்தரை மணியளவில் பரிசோதகரை அனுப்பி வைக்குமாறு தங்களைத் தயவாகக் கேட்டுக்கொள்கின்றேன். அந்த நேரத்திற்கு முன்னரே நானும் ஒழுங்கை முகப்பில் நின்று பரிசோதகருக்கு வழி காட்டுவேன்.

இங்கு எழுதியவை யாவும் நானே அறிந்தவை. இம்முறை கேள்விப்பட்டதையோ ஊகித்ததையோ கண்டதாக எழுதவில்லை. தங்களது விரைவான உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,

தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்) அ. மு. ஜெமீல்

இடம்: மருதமுனை
திகதி: 2025.04.03

பிரதிகள்:
1. ஜனாபா ஆ. ஸம்றா – கையளிக்கப்பட்டது.
2. கிராம உத்தியோகத்தர் – தகவலுக்காக.
3. ஜனாப் கச்சிமுகம்மது, தலைவர், நிவாரணக் குழு – தகவலுக்காக.